ஊத்த மாட்டேன்

தீபாவளிக்கு முந்தின நாள் மதியம், சேலையூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில், படுக்கையாக இருந்த ஒரு அம்மாவுக்கு மூக்கு ட்யூப் வழியாகக் கஞ்சி ஊற்ற மாட்டேன் என்று சொன்னேன். பண்டிகை முடிந்த வாரமே என்னை அந்த வீட்டிலிருந்து மாற்றிவிட்டார்கள். நான் ஏதாவது தப்புப் பண்ணி மாற்றியிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். "ஒண்ணும் ஆகலையே, அதுக்குப் போய் இவ்ளோ ரகளையா" என்று சொல்லி மாற்றினார்கள். அந்த "ஒண்ணும் ஆகலையே" எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நர்ஸ் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ரொம்ப வருஷம் சட்டைக் காலர் தைத்தேன். அங்கே ஆள் குறைத்தபோது, கூட வேலை பார்த்த ஒருத்தி சொன்னாள் என்று வீட்டுக்கு ஆள் அனுப்பும் நர்சிங் ஏஜென்சி ஒன்றில் சேர்ந்தேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். ஒரு கட்டிலில் ரப்பர் பொம்மையைப் படுக்கப் போட்டு, டயபர் மாற்றுவது, உடம்பு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் மூன்று நாள் காட்டினார்கள். புரட்டும்போதெல்லாம் பொம்மையின் ஒரு கை கழன்று விழும். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜ மனுஷருக்குத் தோள்பட்டை பிசகிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்த சூப்பர்வைசர் மேடம், "நீ ரொம்ப யோசிக்கிறப்பா" என்றார். அதுதான் பதில்.

கடைசி நாள் சாயங்காலம் ஆளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். கீழே செல்போன் கடைக்காரர் "வணக்கம் சிஸ்டர்" என்றார். அன்றைக்குக் காலையில் நான் மேலே ஏறும்போது, "அக்கா, செருப்பை இங்க வுடாத" என்று விரட்டியவர் அவர்தான்.

காலர் தைக்கிற இடத்தில்கூட என்னை முதலில் மூன்று மாதம் நூல் வெட்டத்தான் விட்டார்கள். அதற்கப்புறம்தான் மிஷினில் உட்கார வைத்தார்கள். காலர் கோணிக்கொண்டால் பிரித்துத் தைக்கலாம். பிரிக்க முடியாத மனுஷ உடம்புக்கு மூன்று நாள் போதும் என்று யார் முடிவு பண்ணினார்கள் என்று தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டு, கேஸை மூடினேனா என்று திரும்பப் போய்ப் பார்க்கிற ஆள் நான். படுக்கையில் இருக்கிறவர்கள் நன்றாகத் தூங்கினால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். இப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை ஆகுமா என்று என் தங்கை கேட்பாள். இப்படிப்பட்டவளுக்குத்தான் ஆகும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேலையூர் வீட்டில் இரண்டே பேர். சார் பாங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அம்மா ஸ்கூல் டீச்சராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. விழுங்க வராது. ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தாலும் புரையேறும். அதனால் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய ட்யூப். கஞ்சி, பால், மாத்திரைப் பொடி எல்லாம் அதில்தான். சர்க்கரை வியாதியும் உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் சார் தன் கையாலேயே இன்சுலின் போடுவார், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். எனக்குக் காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும் டூட்டி.

சார் கெட்டவர் இல்லை. அம்மாவுக்கு தினமும் பேப்பர் படித்துக் காட்டுவார். ஆனால் ஒரு பழக்கம். நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தால் நான் "ஏம்மா". யாராவது பார்க்க வந்தால், இல்லை பெங்களூரில் இருக்கும் மகள் வீடியோ காலில் வந்தால், உடனே "சிஸ்டர்". "சிஸ்டர் ஃபுல் டைம் இருக்காங்க, நோ பிராப்ளம்" என்பார். முதல் தடவை அப்படிச் சொன்னபோது, நான் அட்டெண்டர்தான் சார் என்று மெதுவாகச் சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா, அவளுக்கு நிம்மதியா இருக்கட்டும்" என்றார். மகளுக்கு நிம்மதி. சரி. எனக்கு?

நிஜ நர்ஸ் ஒருத்தர் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்து அம்மாவுக்கு ட்யூப் மாற்றிவிட்டுப் போவார். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர். கூடுவாஞ்சேரிப் பக்கம் வீடு, தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. நான்கு வருஷம் காலேஜில் நர்சிங் படித்தவர். வீட்டுக்குள் வந்ததும் முதலில் கை கழுவப் போவார். கழுவுவார், கழுவுவார், கழுவிக்கொண்டே இருப்பார். முழங்கைக்குக் கீழே சோப்பு நுரை இறங்கும். ஒரு நாள் நான் வேடிக்கை பார்ப்பதைக் கவனித்துவிட்டு, முதல் வருஷம் முழுக்க இதுதான் பாடம் அக்கா என்றார். கை கழுவுவது, சுருக்கம் இல்லாமல் படுக்கை விரிப்பது, நாடி பார்ப்பது, படுத்தவரைக் குளிப்பாட்டுவது. ஊசியைக் கண்ணால் பார்க்கவே ரொம்ப நாள் ஆனதாம். அவர் அப்பா சண்டைக்கே போய்விட்டாராம், பெட்ஷீட் விரிக்கவா காலேஜுக்கு அனுப்பினேன் என்று. நான் சிரித்தேன். பொறாமையாகவும் இருந்தது. படுக்கை விரிக்க ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள் ஒருத்தருக்கு.

அந்த நர்ஸ் ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது சாரிடமும் என்னிடமும் ஒரே விஷயத்தைச் சொல்வார். ட்யூப் கொஞ்சம் வெளியே வந்துவிட்டாலும் அதில் எதையும் ஊற்றக் கூடாது. திரும்ப உள்ளே தள்ளக் கூடாது. தள்ளினால் அது வயிற்றுக்கும் போகலாம், மூச்சுக் குழாய்க்கும் போகலாம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சார் தலையாட்டுவார். நர்ஸ் சொன்னதைக் கேட்டு நான் ராத்திரி தூங்காமல் கிடப்பேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்றால், மதியம் சார் இன்சுலின் போட்டுவிட்டார். நான் சமையலறையில் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தேன். ஊசி போட்டதும் ஊற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சுகர் தடாலென்று இறங்கும். அதற்குள் மகள் வீடியோவில் வந்துவிட்டாள். சார் போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை புதுச் சட்டை போட்டுக் காட்டியிருக்கிறது. அம்மாவுக்குச் சந்தோஷமோ, அழுகையோ, நல்லபடியாக இருக்கிற இடது கை எழும்பி முகத்தருகே போய், ட்யூப்பைப் பிடித்து இழுத்துவிட்டது. நான் கிண்ணத்தோடு வரும்போது பாதிக்கு மேல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா இருமிக்கொண்டிருந்தார். போனில் மகள் அப்பா அப்பா என்று கத்துகிறாள்.

சார் போனைக் கட்டிலில் போட்டார். என்ன செய்கிறார் என்று நான் பார்ப்பதற்குள், வெளியே வந்த ட்யூப்பை இரண்டு விரலால் பிடித்து மூக்குக்குள் தள்ளினார். பழைய பிளாஸ்திரியை எடுத்து ஒட்டி அழுத்தினார். இருமல் நின்றுவிட்டது.

"அவ்ளோதான். இப்ப கரெக்டா இருக்கு. ஊத்தும்மா."

நான் கிண்ணத்தை ஸ்டூலில் வைத்தேன். சார், சிஸ்டர் சொல்லியிருக்காங்களே என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஊசி போட்டாச்சு, ஊசி போட்டாச்சு என்று அதையே சொன்னார். அவர் சொன்னதும் பொய் இல்லை. அதுதான் அந்த மதியத்தின் கொடுமை. ஊற்றினால் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடலாம். ஊற்றாமல் விட்டால் சுகர் இறங்கி அம்மாவுக்கு நினைவு தப்பிவிடலாம். இரண்டு பக்கமும் பயம் இருந்தால் என் மாதிரி ஆள் என்ன செய்வாள்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த ட்யூப்பின் முனை இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சாருக்கும் தெரியாது.

"ஊத்த மாட்டேன் சார்."

"என்னம்மா விளையாடறியா? நர்ஸுன்னுதானே அனுப்பிச்சாங்க உன்னை?"

"நான் நர்ஸ் இல்ல சார்."

கட்டிலில் கிடந்த போனில் மகள் இன்னும் இருந்தாள். மல்லாந்து கிடந்த போனில் அவளுக்கு எங்கள் சீலிங் ஃபேன்தான் தெரிந்திருக்கும். நான் சொன்னது நன்றாகவே கேட்டிருக்கிறது. "அப்பா, நர்ஸ் இல்லையா? அப்ப யாரு அவங்க?" என்றாள். சார் போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ திருடி மாட்டிக்கொண்டது போல.

அப்புறம் ஏஜென்சிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். சூப்பர்வைசர் மேடம் எங்கேயோ கடைத்தெருவில் இருந்தார், பின்னால் ஒரே இரைச்சல். சார் விஷயத்தைச் சொன்னதும் மேடம் என்னைக் கேட்டார், கொஞ்சம் அலுப்போடு.

"இன்னாப்பா இது, நல்ல நாள் அதுவுமா. கொஞ்சூண்டு ஊத்திப் பாரு. இருமுனா நிறுத்திடு. இதுக்குப் போய் போனா?"

இருமினால் நிறுத்திவிடு. அதாவது, உள்ளே போகக் கூடாத இடத்துக்குப் போன பிறகு நிறுத்திவிடு. எனக்கு வந்த கோபத்தில் என் பேச்சே மாறிவிட்டது. "மேடம், அது எங்க கீதுன்னே தெரில. நீங்க வந்து ஊத்துங்க, நான் பார்த்துகினு நிக்கிறேன்" என்றேன். மேடம் "சாரோட வீடு, சார் சொல்றபடி பண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சார் சிரிஞ்சை எடுத்தார். பெரிய சிரிஞ்ச், கஞ்சி ஊற்றுவதற்கென்றே உள்ளது. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, மூக்குக்கு வெளியே இருந்த ட்யூப்பை மடித்து என் கைக்குள் இறுக்கிக்கொண்டேன். அம்மாவின் கன்னத்தில் என் கை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சார் கையை எடு என்றார். நான் எடுக்கவில்லை. மறுபடி சொன்னார். நான் அழுதுகொண்டே, அந்த சிஸ்டருக்கு ஒரே ஒரு போன் பண்ணுங்க சார், அவங்க ஊத்துன்னு சொன்னா ஊத்திடறேன் என்றேன். உங்க காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றும் சொன்னதாக ஞாபகம். சார் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

நர்ஸ் ஊருக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாகப் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பெருங்களத்தூரில் நிற்கிறேன், ஒரு அங்குலம் நகரவில்லை என்றார். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், பண்டிகைக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் நிற்கிற பஸ்ஸில் உட்காருவதும் வீட்டில் உட்காருவதும் ஒன்றுதான். சார் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது, ஊத்திட்டீங்களா. இல்லை என்றதும் ஒரு பெருமூச்சு ஸ்பீக்கரில் கேட்டது.

ஊற்றக் கூடாது என்றார். ட்யூப்பை யாரும் தொட வேண்டாம் என்றார். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார், ஆஸ்பத்திரிக்குப் போனால் கை நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிவிடுவார்கள். அது வரைக்கும் சுகர் மிஷினில் அடிக்கடி பார்க்க வேண்டும். இறங்கினால் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சர்க்கரையைத் துளி தண்ணீரில் குழைத்து, விரலால் கன்னத்து உள்பக்கம் லேசாகத் தடவ வேண்டும். லேசாக. விழுங்க வைக்கக் கூடாது. "நான் இறங்கி ட்ரெயின் புடிச்சு வர்றேன். அக்கா கிட்ட குடுங்க" என்றார். நான் போனை வாங்கினேன். "அக்கா, நீங்க பக்கத்துலயே இருங்க. முகம் வேர்க்குதான்னு பாருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முகத்தைப் பார் என்றால் நான் பார்ப்பேன். எனக்கு வேறு என்ன வேலை.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னதில், வண்டி வருகிறது, ரோட்டில் நெரிசல், நேரமாகும் என்றார்கள். கீழே கேம்ப் ரோட்டில் இருக்கும் கிளினிக்குக்கு சார் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஷட்டர் சாத்தியிருந்தது, டாக்டர் ஊருக்குப் போய்விட்டார். படி ஏறி வந்தவர் மூச்சு வாங்கியதைப் பார்த்ததும் இவரும் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு அது வேறு பயம்.

நான் சர்க்கரை தடவினேன். சார் விரலைக் குத்தி மிஷினில் பார்த்தார். இறங்கியிருந்தது. மறுபடி தடவினேன். மறுபடி குத்தினார். இன்னும் இறங்கியிருந்தது. அம்மாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது, கழுத்து சில்லென்று இருந்தது. வெளியே பிள்ளைகள் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அம்மாவின் உடம்பு தூக்கிப் போட்டது. தூக்கிப் போடும்போது எனக்கு நிம்மதி, நினைவு இருக்கிறது என்று. சார் ஒரே ஒரு தடவை, மிஷினைப் பார்த்துக்கொண்டே, "இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னை சும்மா விட மாட்டேன்" என்றார். ஏதாவது ஆனால் நானே என்னை விட மாட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

நர்ஸ் வந்தபோது ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. பெருங்களத்தூர் ஸ்டேஷன் வரை நடந்து, தாம்பரத்துக்கு ட்ரெயினில் வந்து, ஷேர் ஆட்டோவில் ஏறி வந்திருக்கிறார். ஒரு கையில் ஸ்வீட் பாக்ஸ், தோளில் பை. உள்ளே வந்ததும் பையை வைத்துவிட்டு வாஷ்பேசினுக்குப் போனார். அன்றைக்கும் அதே கழுவல். சார் வாசலில் நின்று சிஸ்டர் சீக்கிரம், சிஸ்டர் சீக்கிரம் என்று தவித்தார். சொல்லப்போனால் எனக்கே பொறுக்கவில்லை. இப்போதுமா இப்படிக் கழுவ வேண்டும் என்று பல்லைக் கடித்தேன். அவர் ஒரு விரலைக்கூட விட்டுவைக்கவில்லை.

பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. பழைய ட்யூப்பை எடுத்துப் போட்டார். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி, அம்மாவின் காதருகே ஏதோ பேசிக்கொண்டே புதுசை இறக்கினார். உடனே ஊற்றவில்லை. சிரிஞ்சால் உள்ளே இருப்பதை இழுத்துப் பார்த்தார், வெளியே வந்ததில் ஒரு சின்னத் தாளை நனைத்துப் பார்த்தார், வயிற்றுப் புளிப்பு என்றால் தாள் நிறம் மாறுமாம். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முதலில் குளுக்கோஸ் தண்ணீர், பிறகு கஞ்சி. கொஞ்ச நேரத்தில் மிஷினில் எண் ஏறியது. அம்மா கண்ணை நன்றாகத் திறந்து பார்த்தார். கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. சார் போய்த் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார்.

வந்து நர்ஸிடம் கேட்டார். "சிஸ்டர், நான் தள்ளினது வயித்துலதானே இருந்துது?"

"தெரியாது சார். யாருக்கும் தெரியாது. அதனாலதான் ஊத்தக் கூடாதுன்னு சொல்றது."

சாருக்கு இந்தப் பதில் போதவில்லை. அவர் முகத்தில் தெரிந்தது. உன்னால் செத்திருப்பாள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். தப்பில்லை என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? மறுநாள் பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்களிடம், தன் கையாலேயே ட்யூப்பைச் சரியாகத்தான் வைத்ததாகவும், ஊற்றியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது என்றும் அவர் சொல்வது சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது. ஆபத்து வந்து போனால் கதை இருக்கும். வராமலே போனால், வராதபடி நின்றவள்தான் ரகளைக்காரி.

அன்றைக்கு நர்ஸ் கிளம்புவதற்கு முன் சமையலறையில் காப்பி போட்டுக் கொடுத்தேன். எனக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள் சிஸ்டர் என்று கேட்டேன். மனசாரக் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கத்துக்குடுக்கலாம் அக்கா. கை வேலைதானே, கொஞ்ச நாள்ல வந்துடும். ஆனா நான் குடுக்க மாட்டேன்."

"ஏன் சிஸ்டர், எனக்குப் படிப்பு இல்லன்னா?"

"தப்பாப் போச்சுன்னா, எங்கிட்ட நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் இருக்கு, என்னைக் கூப்ட்டு ஏன் பண்ணேன்னு கேப்பாங்க. நான் பதில் சொல்லியாகணும். உங்களை யாரு கேப்பா? அந்த மேடம் உங்களைக் கைகாட்டிட்டுப் போய்டுவாங்க. உங்களுக்குப் பின்னாடி யாருமே இல்ல அக்கா."

அவர் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. நியாயம் என்பதால்தான் எரிச்சல் அதிகமானது. அப்படியென்றால் நான் என்னவாம்? எட்டாவதோடு நின்றவளுக்கு நர்சிங் படிக்க வழி இல்லை, பன்னிரண்டாவது வேண்டும். கற்றுக்கொடு என்றால் கொடுக்க மாட்டார்கள். தெரியாது என்றால் வேலையை விட்டு எடுப்பார்கள். நாலு பேர் முன்னால் கூப்பிடும்போது மட்டும் சிஸ்டர். அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஸ்வீட் பாக்ஸைத் திறந்து எனக்கு ஒரு மைசூர்பாகு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் மேடம் என்னை ஆபீஸுக்கு வரச் சொன்னார். ஒண்ணும் ஆகலையே, அதுக்குப் போய் இவ்ளோ ரகளையா என்று அலுத்துக்கொண்டு, சேலையூர் சார் வேறு ஆள் கேட்கிறார் என்றார். எல்லாம் செய்கிற ஆளாக வேண்டுமாம். நடந்ததை நான் சொல்ல ஆரம்பித்தேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவரு வூட்டுல போய் நான் நர்ஸ் இல்லன்னு நீ ஏன் சொல்ற? யாராவது கேட்டாங்களா உன்னை?"

சார் கேட்டார் மேடம், அவர்தான் கேட்டார் என்றேன். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் மோசம் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒண்டியாக இந்த ஆபீஸை ஓட்டுகிறார். எல்லாம் தெரிந்த ஆளைத்தான் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள், அவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் என்னிடம் வரப் போகிறார்கள், நான் எங்கே போவேன் என்றார். மாடம்பாக்கத்தில் ஒரு தாத்தா இருக்கிறார், ட்யூப் கிடையாது, வாயால் சாப்பிடுகிறார், நீ பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அங்கே அனுப்பினார்.

போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். காலையில் மாடம்பாக்கம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. சேலையூர் சார். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

குரலைத் தாழ்த்திப் பேசினார், பக்கத்து அறையில் யாரோ இருப்பது போல. ட்யூப் மறுபடி வந்துவிட்டதாம், இந்தத் தடவை முழுசாக. புதிதாக வந்த அட்டெண்டர் எனக்குப் போடத் தெரியும், வேறொரு வீட்டில் போட்டிருக்கிறேன் என்கிறாளாம். கையில் புது ட்யூப்போடு நிற்கிறாளாம்.

"என்ன பண்றதும்மா? போடச் சொல்லலாமா?"

பஸ்ஸில் அத்தனை கூட்டம். கண்டக்டர் உள்ளே போ உள்ளே போ என்று தள்ளுகிறார். எனக்கு வாய்க்குள் என்னென்னவோ வந்தது. இப்போது எதற்கு என்னைக் கேட்கிறீர்கள், எல்லாம் செய்கிற ஆளைத்தானே கேட்டீர்கள் என்று. அதில் ஒன்றும் வெளியே வரவில்லை.

"இன்சுலின் போட்டுட்டீங்களா சார்?"

"இல்ல. இனிமேதான்."

"போடாதீங்க. அவங்களையும் தொட வேணாம்னு சொல்லுங்க. அந்த சிஸ்டரைக் கூப்பிடுங்க சார்."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் கட்டாகிவிட்டது. நான் திரும்பக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடி கூப்பிட்டேன். பிஸி. அந்தப் பெண்ணைப் போடச் சொல்லிவிட்டாரோ, அவள் போட்டுக்கொண்டிருக்கிறாளோ, அம்மா இருமுகிறாரோ என்று என் தலைக்குள் ஒவ்வொன்றாக ஓடியது. இறங்க வேண்டிய ஸ்டாப் போனதே தெரியவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, எதிர் வெயிலில் போனைக் கையால் மறைத்துப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தேன்.

பாதி தூரம் வந்த பிறகு அவரே கூப்பிட்டார்.

"சொல்லிட்டேன். சிஸ்டர் ஆஸ்பத்திரில இருந்து பர்மிஷன் போட்டுட்டு வர்றாங்களாம்."

"சரி சார்."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு நீ செய்தது சரி என்று சொல்லவில்லை. திரும்பி வா என்றும் சொல்லவில்லை. மாடம்பாக்கத்து வீட்டில் தாத்தாவுக்கு இட்லி ஊட்டுகிற நேரம் தாண்டிவிட்டது, அந்த வீட்டு மருமகள் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று, டூட்டிக்கு இதுதான் வர்ற நேரமா என்று கேட்டாள். கேட்கட்டும். உள்ளே போய்ப் பையை வைத்துவிட்டு, தாத்தா காத்திருந்தாலும் பரவாயில்லை என்று, குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு நின்று கழுவினேன்.